நிக்கலுக்கு மூன்று பல் உள்ளி

விடத்தல்தீவு,
புதன்கிழமை (தொடங்கியது ஞாயிறு)

மதிப்புக்குரிய பேராசிரியர் அருட்பிரகாசம் ஐயா அவர்களுக்கு,

உங்களிடம் இரசாயனம் படிக்கும் நிறஞ்சலாவின் அப்பப்பா அமிர்தநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எழுபத்திரண்டு வயதில் றோசம்மா ரீச்சரிடம் எழுத்துப் பழகி நான் எழுதும் முதற் கடிதம் இது. அதுவே மன்னிப்புக் கடிதமாகப் போனது கவலை. எழுத வருகிறதே என்பது சந்தோசம்.

ஐயா, போன மாதம் பரிசோதனை பிழைத்தது அவளால் அல்ல. விடுமுறைக்கு வந்தவள் எங்கள் மீனெண்ணெயைச் சுத்தம் செய்து போத்தலில் அடைத்து வைத்தாள். நிக்கல் தூள் போட்டு ஐதரசன் ஏற்றினால் அது மாஜரின் போல இறுகுமாம். அவள் கோயிலுக்குப் போன நேரம் நான் மூடியைத் திறந்து மணந்தேன். பெரிய இடத்துக்குப் போகிற எண்ணெய், இந்த நாற்றத்தோடு போனால் ஊருக்கே வெட்கமல்லவா? நெடி போக உள்ளிப்பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சுவது எங்கள் வழக்கம். மூன்று பல் போட்டேன், காய்ச்சினேன், வடித்துத் திரும்ப ஊற்றிவிட்டேன். அவளுக்குத் தடிமன், மூக்கடைப்பு, மணம் தெரியாமல் கொண்டுபோய்விட்டாள். எண்ணெய் எண்ணெயாகவே கிடந்ததாம்.

பிறகு அவள் வந்தபோது நான் பெருமையாகக் கேட்டேன்: "எண்ணெய் நாறேல்லைத்தானே, பிள்ளை?"

"ஐயோ அப்பப்பா! என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு விளக்கினாள். "உள்ளியில கந்தகம் இருக்கு, அந்தக் காரநெடியே அதாலதான். நிக்கல் தூளில கதிரை மாதிரி இடங்கள் இருக்கு. எண்ணெயும் ஐதரசனும் வந்து குந்தி, சேர்ந்து, எழும்பிப் போகும். கந்தகம் குந்தினா எழும்பாது."

"கலியாண வீட்டில முதல் பந்தியில குந்தி எழும்பாத உன்ர சின்னப்பா மாதிரியோ?"

"ஓம். கதிரை முழுக்கச் சின்னப்பாமார்! கொஞ்சக் கந்தகமே காணும், நிக்கல் செத்துப் போகும்."

சிரித்தாள், பிறகு அழுதாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் உங்களிடம் "என் பிழை" என்றே சொல்லிவிட்டாளாம். கந்தகம் என்ற சொல் எனக்கு எழுத அழகாக வருகிறது. இவ்வளவு கேடு செய்யுமென்று யார் கண்டது?

பரிசோதனையைத் திரும்பச் செய்ய வருகிற திங்கள் அவளுக்குக் கடைசித் தவணை என்கிறாள். தவறினால் ஒரு வருடம் வீண். பிழை என் தலையில் இருக்கட்டும், பிள்ளையைக் கோபிக்காதேயுங்கள். மடுமாதா உங்களையும் உங்கள் நிக்கலையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அ. அமிர்தநாயகம் (கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பிற்குறிப்பு: அவள் சுத்தம் செய்த புது எண்ணெயை நானே பையில் வைத்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தடிமன் விடவில்லை. நீங்கள் பயப்பட வேண்டாம், உள்ளியைக் கையாலும் தொடவில்லை. கண்ணெரிய நாலு வெங்காயம் மட்டும் தட்டிப் போட்டுக் காய்ச்சினேன்.