வரைபலகை வாங்கப்போகிறவர்

உலகத்தில் படம் வரைகிறவர்கள் உண்டு. வரையத் தெரியாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது பிறவி ஒன்றும் உண்டு. அவர்தான் வரைபலகை வாங்கியதும் வரையப்போகிறவர். கம்ப்யூட்டரோடு இணைத்து, மை இல்லாத பேனாவால் மேலே கோடிழுத்தால் திரையில் படம் விழுமே, அந்தப் பலகையைத்தான் சொல்கிறேன். அவர் அதை இன்னும் வாங்கவில்லை. வாங்கவும் மாட்டார். ஆனால் அதைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு, அதைச் செய்தவனுக்கே தெரியாது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மலைமேல் இருக்கும் லா பாஸ் நகரின் செங்குத்துத் தெருக்களில் மூட்டை சுமந்து, பிறகு ஊசி பிடித்து, இன்று நடனக் குழுக்களின் உடைக்கு ஜரிகை வேலை செய்யும் பட்டறைக்கு முதலாளி. என் பெயரைச் சொல்லி, அனக்ளேத்தோ தார்க்கி வீடு எது என்று கேட்டால் தெருநாய்கூட வழிகாட்டும். எத்தனையோ வகை மனிதர்களைப் பார்த்த கண் இது. ஆனால் என் மாடியில் குடியிருக்கும் வில்பெர் அபாசாவைப் போல, இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு இன்னொன்று கிடைக்காது.

காலையில் எழுவார். எங்கோ ஒரு தேசத்தில் எவனோ ஒருவன் பலகைப் பெட்டியைப் பிரிப்பதைத் திரையில் பார்ப்பார். பிளாஸ்டிக் உரியும்போது கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் திரை வைத்ததா, திரை இல்லாததா, பெரியதென்றால் மேசை போதுமா, சிறியதென்றால் கை போதுமா, பேனாவுக்குச் சார்ஜ் போட வேண்டுமா, போட்டால் தீருமா, தீர்ந்தால் கற்பனையும் தீருமா என்று மத்தியானம் வரை யோசித்துவிட்டு, களைத்துப்போய்ப் படுத்துக்கொள்வார். பாவம், உழைப்பாளி.

ஒருநாள் என்னைப் படியில் மறித்தார்.

"தோன் அனக்ளேத்தோ, பேனா அழுத்தத்தை எல்லாம் கடல் மட்டத்துல வச்சுத்தான் அளந்திருக்கானுங்க. நாம மேகத்துக்குப் பக்கத்து வீட்டுல இருக்கோம். இங்க காத்தே கம்மி. பேனா எப்படி அழுத்தும்?"

"நம்ம நாட்டுக்குக் கடலே கிடையாதேப்பா. எங்க போயி அளக்கறது?"

"அதான் சிக்கலே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இவரிடம்தான் எங்கள் நடனக் குழுத்தலைவி தோன்யா எங்கார்னா, கிரான் போதெர் திருவிழா ஊர்வலத்துக்கான இந்த வருஷ உடையை வரையும் பொறுப்பைக் கொடுத்திருந்தாள். ஊர்வலத்துக்கு வருஷாவருஷம் புது உடை வேண்டும். போன வருஷத்து உடையில் ஆடினால், குழு திவாலாகிவிட்டது என்று ஊர் கைதட்டிச் சிரிக்கும். அதற்கு முன்னால் வரும் அலசித்தா பண்டிகை நாள் சாயங்காலம், குழுக் கூட்டத்தில் படம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பொறுப்பு வேறு ஆளுக்கு. வில்பெரின் மனைவி நியேவெஸோ, தன் கடையில் சோளக்கஞ்சி குடிக்க வந்தவர்களிடம் எல்லாம் "எங்க வீட்டுக்காரர்தான் வரையறார்" என்று தம்பட்டம் அடித்து முடித்துவிட்டாள்.

"ஒரு காகிதத்துல வரைஞ்சு குடுத்துத் தொலையேன்யா."

"காகிதமா? அதுல போட்ட கோட்டைத் திரும்ப எடுக்க முடியாது, நியேவெஸ்."

"உன்னக் கட்டிக்கிட்டேனே, அதத் திரும்ப எடுக்க முடிஞ்சுதா?"

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். அலசித்தா சந்தையில், நமக்கு என்ன வேண்டுமோ அதன் குட்டி உருவத்தை வாங்கி, பகல் பன்னிரண்டு அடிக்கும்போது புகை போடும் பெரியவரிடம் நீட்ட வேண்டும். கையில் இருப்பது வருஷத்துக்குள் நிஜமாகவே வந்து சேரும். அது மீசைக்கார எகேகோ சாமியின் பொறுப்பு. என் மூன்று மாடி வீட்டை முதலில் தீப்பெட்டி அளவில்தான் வாங்கினேன். நம்பாதவர்கள் வந்து மாடியை எண்ணிக்கொள்ளலாம்.

"எந்தப் பலகைங்கற கவலையைச் சாமி தலையில போட்டுரு. மத்தியானம் வந்து காகிதத்துல வரை," என்றாள். அவரும் தலையாட்டினார். அதிசயம்!

அலசித்தா அன்று கடைக்காரி நகம் அளவில் இரண்டு அட்டைப் பலகைகளை நீட்டினாள். வில்பெர் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இதுல இடது கைக்காரனுக்குப் பொத்தான் எந்தப் பக்கம்?"

"கசேரோ, வாடிக்கைக்காரரே, அது சீட்டுக்கட்டு அட்டை. பொத்தான் நான் பேனாவுல வச்ச புள்ளி."

"அப்ப அதுல பளபளப்பு ஏன் ஜாஸ்தி?"

"கோந்து, கசேரோ! கோந்து!"

மணி அடித்தது. சந்தையே திரும்பி குட்டி வீடும் காரும் பட்டச் சான்றிதழுமாகப் புகையை நோக்கிக் கையை உயர்த்தியது. நியேவெஸ் புருஷனின் முழங்கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்தாள். பெரியவர் சாம்பிராணி காட்டி, பூவிதழ் தூவி, சாராயம் தெளித்து, "நிறைய வரட்டும்" என்றார். புகை விலகியது.

"அடப்பாவி, கையில என்னத்த வச்சிருக்க?"

பூதக்கண்ணாடி. பலகை இரண்டையும், இன்னொரு தடவை பார்ப்பதற்காகக் கடையிலேயே வைத்திருந்தார்.

மத்தியானம் காகிதம் காகிதமாகவே இருந்தது. சாயங்காலம் கூட்டத்தில் தோன்யா எங்கார்னா, "படம் எங்கய்யா?" என்றாள். நியேவெஸ் தலையைக் குனிந்துகொண்டாள். வில்பெர் எழுந்து, பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்து, "படத்துக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்" என்று, திரை வைத்ததா, இல்லாததா கதையை ஆரம்பித்தார்.

"கைய ஒரு இடத்துல வச்சு, கண்ண வேற இடத்துல வச்சு எவன் வரைவான்? திரை வச்சதுதான் வேணும்," என்றார் கசாப்புக்கடைக்காரர் இல்தெஃபொன்ஸோ.

"டிரம் அடிக்கிறவன் டிரம்மையா பாக்கறான்?" என்றான் வாத்தியக்காரன்.

அவ்வளவுதான். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. திரைக் கட்சி ஒரு பக்கம் பீர் ஊற்றியது, திரையில்லாக் கட்சி மறுபக்கம் ஊற்றியது. உடையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. முடிவில் குழுவுக்கே ஒரு பலகை வாங்குவது என்றும், தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி என்றும், அதற்கு ஆயுள் தலைவர் வில்பெர் என்றும் தீர்மானமாயிற்று. எகேகோ தப்பு செய்வதில்லை. வில்பெர் பூதக்கண்ணாடியைக் காட்டினார், சாமி பார்த்துக்கொண்டே இருக்கும் உத்தியோகத்தைக் கொடுத்துவிட்டார்.

கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. ஊர்வலம் வந்துவிட்டது. போன வருஷத்து உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு ஆடினோம். யோசனை யாருடையது என்று கேட்கிறீர்களா? என்னைத் தவிர வேறு யாருக்கு அந்த மூளை வரும்? முடிச்சும் நூலும் ஒட்டுத்துணியும் தொங்கத் தொங்க ஆடினோம். "புது மோஸ்தர்!" என்று தெரு அலறியது. எதிர்க்குழுத் தலைவர் ஓடிவந்து, வரைந்தது யார் என்று கேட்டார்.

"வில்பெர் அபாசா. அடுத்த வருஷமும் அவர்தான்," என்றாள் தோன்யா எங்கார்னா, கண்ணிமைக்காமல்.

"அதுக்குள்ள நல்ல பலகையா ஒண்ணு பாத்துரணும்," என்றார் வில்பெர்.

"அடுத்த அலசித்தாவுல ஒரு குட்டிப் புருஷன வாங்கிப் புகை போடறேன். வேற ஆளு வந்து சேரட்டும்," என்றாள் நியேவெஸ்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நல்ல செருப்பு வந்ததும் நடக்கப்போகிறவர், நல்ல சட்டி வந்ததும் சமைக்கப்போகிறவர், நல்ல மேசை வந்ததும் எழுதப்போகிறவர் எல்லாரும் என் மாடிப்படியில் சிரித்துவிட்டுப் போனவர்கள்தான். நானோ அந்த ரகமே இல்லை. கமிட்டியில் உட்கார்ந்திருப்பதுகூட, சின்னப் பலகை போதாது என்று எடுத்துச்சொல்ல விவரமான ஆள் ஒருத்தர் வேண்டும் என்பதால்தான். அது கிடக்கட்டும். சரியாக இந்த நொடியில் மணி பன்னிரண்டு அடித்தால், உங்கள் கையில் என்ன இருக்கிறது? பார்த்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் பாருங்கள்.