மிஸ்டர் நவ்வுக்கு ஒரு கிளாஸ்

நார்த்தங்காய்ச் சாற்றை ஒயினில் ஊற்றிய பிறகுதான் கோதண்டபாணிக்குச் சந்தேகம் வந்தது.

செல்போன் வீடியோவில் ஓர் இத்தாலிக்காரி சிரித்துக்கொண்டே ஆரஞ்சு நறுக்கினாள், எலுமிச்சை நறுக்கினாள், அப்புறம் தடித்த தோலோடு பெரிய மஞ்சள் பழம் ஒன்றை நறுக்கினாள். எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு, வெள்ளை ஒயினை ஊற்றி, ஐஸைக் கொட்டி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். அந்தப் பெரிய பழம் எது என்பதுதான் கேள்வி. சாத்துக்குடி அவ்வளவு பெரிதில்லை. அப்படியென்றால் நார்த்தங்காய்தான் என்று முடிவு கட்டி, கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் இருந்த மரத்தில் நாலைந்து பறித்து வந்திருந்தார்.

சரியாக வந்திருக்கிறதா என்று குடித்துப் பார்க்கலாம். அங்கேதான் சிக்கல். பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலில் கற்பூரம் அணைத்து, இனி ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று மனைவி ஜெயம்மாளுக்குச் சத்தியம் செய்திருந்தார் கோதண்டபாணி. ரங்கநாதரை ஒருவேளை சமாளித்துவிடலாம். ஜெயம்மாளைச் சமாளிக்க முடியாது.

ஆம்பூரில் உள்ள அந்த ஷூ கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸுக்கு அவர்தான் சமையல்காரர். போன கோடையில் வந்த வெளிநாட்டு அம்மா, வெயிலுக்கு ஜில்லென்று ஆரஞ்சு போட்ட வெள்ளை ஒயின் கிடைக்குமா என்று கேட்டாள். இவர் ஜில்லென்று ரசம் கொடுத்தார். அந்த அம்மா அன்றைக்கே சென்னை ஓட்டலுக்குப் போய்விட்டாள். போனவள் ஆர்டரையும் கூடவே கொண்டுபோய்விட்டாள்.

இன்றைக்கு மிலானிலிருந்து, ஷூ வாங்க ஆர்டர் கொடுக்கும் புது பையர் வருகிறார். மெயிலில் 'நவ்' என்று மட்டும் கையெழுத்து. மேனேஜர் ராமமூர்த்தி சென்னையிலிருந்து ஒரே ஒரு ஒயின் பாட்டிலை வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தார்.

"கோதண்டபாணி, இந்த தடவையும் கெஸ்ட் மூஞ்ச சுளிச்சா, கெஸ்ட் ஹவுஸுக்குப் பூட்டுதான். நீ கேன்டீனுக்குப் போயிட வேண்டிதான்" என்று சொல்லிவிட்டு, பையரை அழைத்துவரக் காட்பாடி ஸ்டேஷனுக்குக் காரில் கிளம்பியிருந்தார். போன அவசரத்தில் செல்போனை ஆபீஸ் அறையில் சார்ஜிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

கேன்டீன் என்றால் சும்மா இல்லை. கேன்டீனுக்கு இப்போது தலைமை, ஜெயம்மாளின் தம்பி அன்பரசன். அவனுக்கு வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். அந்த மச்சானிடம் போய், "சாம்பார்ல உப்பு பாக்கட்டுமா?" என்று கேட்டு நிற்பதா? உயிரே போனாலும் அது நடக்காது என்று கோதண்டபாணி மீசையைத் தடவிக்கொண்டார். இந்த ஜூஸைப் போட்டே தீருவது.

"சார்..."

வாசலில் ஒருவன் நின்றான். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். சாயம்போன டீ ஷர்ட், தோளில் பை, உடம்பெல்லாம் வியர்வை.

"ராமமூர்த்தி சார் இருக்காரா?"

"அவுரு காட்பாடி போயிருக்காரு. நீ இன்னாப்பா இவ்ளோ லேட்டு? காலைலேந்து எத்தினி வாட்டி போன் போடறது? ஏசி காத்தே வர்ல."

"ஏசியா? இல்லண்ணே, நான் பஸ்ல வந்து..."

"நீ பஸ்ல வந்தா இன்னா, லாரில வந்தா இன்னா. மேல மொத ரூம்பு. வெள்ளக்காரன் வந்தா வெந்துடுவான். ஏணி மாடிப்படி கீழ இருக்குது, எடுத்துக்கோ."

அவன் ஒரு நிமிஷம் இவரையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு செல்போனை எடுத்து எதையோ தட்டினான். ஆபீஸ் அறையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோதண்டபாணி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் கண் ஜாடி மேலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் இறங்கி வந்தான். கையில் ஈரம், ஷூவிலும் ஈரம்.

"ஃபில்டர்ல ஒரு மூட்ட தூசிண்ணே. கழுவி மாட்டிட்டேன். இப்ப ஜில்லுனு வருது."

"சபாஷ். தம்பி, நீ சரக்கு தொடுவியா?"

"வெயில் நேரத்துல ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பேன். ஏன்?"

ரங்கநாதரே ஆள் அனுப்பிவிட்டார். கோதண்டபாணி ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார். அவன் ஒரு வாய் குடித்தான். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"கசப்புண்ணே. தொண்ட வரைக்கும் கசக்குது."

"அவ்ளோதானே? கசப்பு எடுக்கறது பெரிய வித்தையா?"

கோதண்டபாணி சர்க்கரை டப்பாவைத் திறந்தார். பத்து வருஷம் கேன்டீனில் இருந்த கை. அந்தக் கைக்கு ஸ்பூன் தெரியாது, கரண்டிதான் தெரியும்.

அவன் மறுபடி குடித்தான். "இப்ப பாயசம் மாதிரி இருக்குண்ணே."

எலுமிச்சை பிழிந்தார். புளிப்பு ஜாஸ்தியானது. எலுமிச்சை ஜூஸ் என்றால் ஒரு சிட்டிகை உப்பு போடுவது வழக்கம். வழக்கப்படி கை தானாகப் போய் உப்பைப் போட்டுவிட்டது. அப்புறம் ஃப்ரீசரிலிருந்து ஐஸை எடுத்துக் கொட்டி, வீடியோவில் அவள் கலக்கிய மாதிரியே கலக்கினார்.

இந்த முறை அவன் வாய்க்குள் போனதை வாஷ்பேசினில் துப்பினான்.

"உப்பு கரிக்குதுண்ணே."

"ஒரு சிட்டிகதானேப்பா போட்டேன்?"

"ஐஸ் எந்தத் தண்ணில வெச்சீங்க?"

கோதண்டபாணி காலி ஐஸ் தட்டைத் திருப்பிப் பார்த்தார். நேற்று கேன் தண்ணீர் தீர்ந்துபோய், ஐஸ் தட்டை போர் குழாயில் பிடித்து வைத்தது ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பே வேகாது. ஆம்பூரில் அதைப் பாத்திரம் கழுவப் பிடிப்பார்கள், வாயில் வைக்கமாட்டார்கள்.

"பேஜாராப் போச்சே" என்றவர், அடுத்த நொடியே தலையை நிமிர்த்தினார். "பரவால்ல. குழம்புல உப்பு ஜாஸ்தியானா இன்னா பண்ணுவோம்? தண்ணி ஊத்துவோம்."

புதுக் கேன் வந்திருந்தது. தண்ணீர் ஊற்றினார். ஜாடி கொள்ளவில்லை, குண்டானுக்கு மாற்றினார். தண்ணீர் அதிகமாகி இனிப்பு குறைந்தது, சர்க்கரை சேர்த்தார். இனிப்பு ஏறியது, எலுமிச்சை பிழிந்தார். குண்டானும் கொள்ளவில்லை. பிரியாணி தேக்சாவை இறக்கினார். அவன் ஓரமாக உட்கார்ந்து, கேட்காமலே ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். புதினாவை ஆய்ந்தும் வைத்தான். வேலைக்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கோதண்டபாணி மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது.

"இப்போ பாரு."

அவன் நிதானமாகக் குடித்தான். "நல்லா இருக்குண்ணே."

"நெஜமாவா?"

"நெஜமா. மோரு ஊத்தாத நீர்மோர் மாதிரி இருக்கு. ஒயினுதான் எங்கன்னு தெரியல."

கோதண்டபாணி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். கேன்டீன் வாசலில் மச்சான் அன்பரசன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிந்தது. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அதை அடக்குவதற்காக எழுந்து அவனை அதட்டினார்.

"இன்னாப்பா ஈர ஷூவோட கிச்சன்ல நடந்துக்கினு இருக்க. கழட்டு அத. பிஞ்சி வேற போயிருக்கு. இரு வர்றேன்."

பரண்மேல் இருந்து ஒரு ஷூ பெட்டியை இறக்கினார். ஆம்பூரில் பாதிப் பேர் காலில் இருப்பது ரிஜெக்ட் ஷூதான். அவரும் ஒரு ஜோடி வாங்கி, அளவு சேராமல் வைத்திருந்தார்.

"நம்ம கம்பெனி ரிஜெக்ட் மால். போட்டுக்கோ."

அவன் உடனே போடவில்லை. ஷூவை இரண்டாக மடக்கிப் பார்த்தான். தையல்மேல் நகத்தை ஓட்டினான். உள்ளே மூக்கை விட்டு மோந்தும் பார்த்தான்.

"இத ஏண்ணே ரிஜெக்ட் பண்ணாங்க?"

"உள்பக்கம் ஒரு தையல் லேசா கோணலாம். எங்க செக்கிங்ல பிரிசில்லானு ஒரு பொண்ணு இருக்குது. அது கண்ணுல பட்டா முதலாளியே சொன்னாலும் வுடாது."

"எனக்கே தெரியலண்ணே அந்தக் கோணல்."

"ஒனக்கு இன்னா தெரியும்? ஒனக்கு ஏசிதான் தெரியும்."

அவன் சிரித்தபடி ஷூவைப் போட்டுக்கொண்டான். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பிறகு ஒயின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு கண்ணாடி கிளாஸில் அதை அப்படியே ஊற்றி, ஒரு ஆரஞ்சுத் துண்டு, ஒரு மெல்லிய எலுமிச்சை வட்டம், நாலு புதினா இலை போட்டு, மேலே கொஞ்சம் சோடா விட்டான்.

"ஒயின் ருசி முன்னாடி தெரியணும்ண்ணே. மத்ததெல்லாம் பின்னாடி வரணும்" என்று சொல்லிக் கிளாஸை வாயருகே கொண்டுபோனான்.

கோதண்டபாணி பாய்ந்து பிடுங்கினார். வீடியோவில் இருந்த கிளாஸும் இந்தக் கிளாஸும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன.

"தம்பி, நீ நல்லா இருப்ப. ஆனா இத நீ குடிக்கக் கூடாது. இது பையருக்கு. இருக்கறதே இது ஒண்ணுதான். என் மானமே இதுலதான்பா இருக்குது."

"சரிண்ணே, பையருக்கே வைங்க" என்றான் அவன். "எனக்குப் பசிக்குது. சாப்பாடு இருக்கா?"

பையருக்கு மேசையில் பிரெட்டும் சூப்பும் காத்திருந்தன. அவற்றைத் தொடவிடாமல், தான் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் எடுத்துக் கொடுத்தார். அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். இப்படிச் சாப்பிட்டு ரொம்ப நாள் ஆயிற்று என்றான். பாவம், வீட்டில் சோறு போட ஆள் இல்லைபோல என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டார்.

"மேல ரூம்ல கொஞ்ச நேரம் படுக்கட்டுமாண்ணே? ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"பையர் வர்ற வரைக்கும் படு. கார் சத்தம் கேட்டா எழுந்து ஓடிடணும், இன்னா?"

"கார் வந்தா எழுப்புங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் மாடி ஏறினான். போகும்போதும் செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டே போனான். ஆபீஸ் அறையில் மறுபடி 'டிங்' என்றது.

பையர் மட்டும் வரவில்லை. கார்தான் வந்தது. டிரைவர் தௌசீப் கதவைத் திறக்க, ராமமூர்த்தி வேர்த்து ஊற்றிக்கொண்டு இறங்கினார்.

"வந்த ட்ரெயின் எல்லாத்தையும் பாத்துட்டேன்யா. ஒரு வெள்ளக்காரன்கூட எறங்கல. போன வேற மறந்து வெச்சிட்டுப் போயிட்டேன்."

கோதண்டபாணி கையில் தட்டு, தட்டில் அந்த ஒரே கிளாஸ். வராத பையர் முகத்தைச் சுளிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வராத பையர் ஆர்டரும் தரமுடியாது.

ராமமூர்த்தி ஆபீஸ் அறைக்குள் ஓடிப்போய்ப் போனை எடுத்தார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யோவ், காலைலயே வந்துட்டாராம்யா. 'கெஸ்ட் ஹவுஸ்லதான் இருக்கேன், மெதுவா வாங்க'ன்னு மெசேஜ் போட்டிருக்காரு. தமிழ்லயே இருக்குது பாரு. இப்பல்லாம் போனே மொழிபெயர்த்துடுது."

"இங்கயா?"

"ரெண்டாவது மெசேஜையும் கேளு. 'ரூம் பிடிச்சிருக்கு, சாப்பாடு அதவிட பிடிச்சிருக்கு. உங்க தரத்தப் பாத்துட்டேன், ஆர்டரப் பத்தி சாயந்திரம் பேசலாம். இனிமே எப்ப வந்தாலும் இங்கதான் தங்குவேன்.'"

கோதண்டபாணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேன்டீன் இல்லை. மச்சான் இல்லை. பள்ளிகொண்டா இருந்த திசையைப் பார்த்து, தட்டைப் பிடித்த கையோடு ஒரு கும்பிடு போட்டார். அப்புறம்தான் விஷயம் உறைத்தது.

"சார், அவருக்கு வெச்ச சூப்பு அப்டியே இருக்குதே. ஆளு எங்க?"

மூவரும் தேடினார்கள். தோட்டத்தில் இல்லை. கீழே இருந்த இரண்டு அறையிலும் இல்லை. தௌசீப் நார்த்தை மரத்தின்மேல்கூட அண்ணாந்து பார்த்தான்.

"மாடி ரூம்ல?" என்றார் ராமமூர்த்தி.

"அங்க யாரும் இல்ல சார். நம்ம ஏசிக்கார பையன்தான் படுத்துக்கினு இருக்கான். தங்கமான பையன். நான்தான் ரிஜெக்ட் ஷூ ஒண்ணு குடுத்து..."

அப்போது கோதண்டபாணியின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கோச்சிக்காதீங்க, ஏசி மெக்கானிக் பேசறேன். காலைலேந்து பள்ளிகொண்டாவுலயே மாட்டிக்கினேன். உங்க ரூம்பு ஏசிய நாளைக்கி வந்துதான் பாப்பேன்."