பட்டியலில் விட்டுப்போன பாகம்

ஒரு பிஸ்கட் அடுப்பு ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போக மூன்று தாள்கள் போதும். பன்னிரண்டு டன் எடையும் நாற்பது அடி நீளமும் கொண்ட மூன்றாம் எண் அடுப்பு அப்படித்தான் போனது. அதனிடம் யாரும் பிறந்த தேதி கேட்கவில்லை. இரண்டு காதும் தெரியும்படி புகைப்படம் கேட்கவில்லை. எதற்காக வருகிறாய், எப்போது திரும்புவாய் என்றும் கேட்கவில்லை. நிறுவனத்தின் ஏற்றுமதி குமாஸ்தா ஒரு பட்டியலை அடித்து, மூன்று இடங்களில் முத்திரை குத்தினார். ஒன்பதாம் நாள் அடுப்பு கப்பலில் இருந்தது.

அடுப்புக்குப் பின்னால் அதை ஓட்டிவந்த ஃபோர்மேனும் போகவேண்டும் என்பது ஏற்பாடு. மாவு ஒரு முனையில் வில்லைகளாக உள்ளே போய் மறுமுனையில் பிஸ்கட்டாக வெளியே வரும் அந்த அடுப்புக்கு ஒரு குணம் உண்டு. சூடு ஏறியதும் மூன்றாவது கதவு இறுகிக்கொள்ளும். கீலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, இடது கையால் ஸ்பானரைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினால் விடும். பக்கத்தில் குழாய் ஓடுவதால் வலது கை நுழையாது. ஒரு தட்டு குறைந்தால் பிஸ்கட் கரியாகும். ஒரு தட்டு கூடினால் கதவு கழன்று காலில் விழும். அப்படிப் பழகிப் பார்த்த இரண்டு பேர் காலில் கட்டுடன் வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் பழகிப் பார்க்கவில்லை.

ஃபோர்மேனை அனுப்பிவைக்கும் பொறுப்பு உலகளாவிய நகர்வு மையத்துடையது. முன்பு அதற்குப் பாஸ்போர்ட் பிரிவு என்று பெயர். ஒரு மேசையும் ஒரு பீரோவும் இருந்தன. புதிய தலைவி பொறுப்பேற்றதும் பீரோ வெளியே போய், உட்காருவதற்கு மூன்று பெரிய பஞ்சு மூட்டைகள் உள்ளே வந்தன. அவற்றில் உட்கார்ந்தவர்கள் யாராவது கைகொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும். சுவரோரம் அட்டையில் செய்த ஒரு விமான ஜன்னல். பயணப்படுகிறவர் அதன் பின்னால் நின்று கையசைக்கவேண்டும். அதைப் படமெடுத்து நிறுவனத்தில் எல்லோருக்கும் அனுப்புவார்கள்.

“சிரிங்க ஃபோர்மேன் சார். இனிமே நீங்க எம்ப்ளாயி இல்ல. டிராவலர்.”

“எப்ப மேடம் கிளம்பணும்?”

“ஜர்னி ஆரம்பிச்சாச்சு. விசா மட்டும்தான் வரணும்.”

படம் போனது. கீழே ‘பறக்கிறார் நம்மவர்’ என்று எழுதியிருந்தார்கள். அன்றே ஆயத்தப் படிவம் ஒன்றும் தரப்பட்டது. வீட்டைக் காலி செய்தாயிற்றா, குழந்தையின் டி.சி. வாங்கியாயிற்றா, கட்டில் பீரோ விற்றாயிற்றா என்று இருபத்திரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆம் என்று இருந்தால்தான் விசா விண்ணப்பத்தையே மையம் கையில் எடுக்கும். ஃபோர்மேன் சொன்னதைச் செய்கிற மனிதர். ஒரே வாரத்தில் இருபத்திரண்டு ஆம்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி, ஏழாம் வகுப்பு முடித்திருந்த மகள், ஏழு பெட்டிகள் சகிதம் மைத்துனன் வீட்டு ஹாலுக்குக் குடிவந்தார். பத்து நாள் என்று சொல்லித்தான் வந்தார்.

இதற்குப் பிறகுதான் மையத் தலைவி அந்த நாட்டின் விதிமுறைகளை முழுவதுமாகப் படித்தார். வெளியாள் ஒருவருக்கு வேலை தரவேண்டுமானால், அந்த வேலைக்குத் தகுந்தவர் உள்நாட்டில் ஒருவரும் இல்லை என்று நிரூபிக்கவேண்டும். அதற்கு இருபத்தெட்டு நாள் விளம்பரம் செய்யவேண்டும்.

“யாராவது அப்ளை பண்ணிட்டா?” என்றார் ஃபோர்மேன்.

“பண்ண முடியாதபடி எழுதறதுதான் இதுல ஆர்ட்டே. நீங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

ஃபோர்மேன் பஞ்சு மூட்டையிலிருந்து எழ முயன்றார். இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். தலைவி டேப்பை எடுத்து அவரைக் கால் முதல் தலை வரை அளந்தார். கைகளைத் திருப்பிப் பார்த்தார். மூன்று நாட்கள் உழைத்து அவர் உருவாக்கிய விளம்பரம் இப்படி இருந்தது:

‘தேவை: அடுப்பு ஃபோர்மேன். மூன்றாம் எண் அடுப்புடன் பத்தொன்பது ஆண்டுகள் இடைவிடாமல் பணிபுரிந்தவர். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கூடவோ குறையவோ கூடாது. இடது கைப் பழக்கம். வலது முன்கையில், மேற்படி அடுப்பினால் ஏற்பட்ட, இரண்டு அங்குல நீளமுள்ள தழும்பு. பிஸ்கட் வெந்ததை வாசனையால் மட்டுமே அறிபவர். இரு பாலாரும் விண்ணப்பிக்கலாம்.’

“இதுக்கு உங்க கூடப் பிறந்தவங்ககூட அப்ளை பண்ண முடியாது” என்றார் தலைவி பெருமையாக.

முடியவில்லை. விளம்பரம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, மேற்படி விவரங்களுக்குப் பொருந்துகிற எவரும் தங்கள் குடிமக்களில் இல்லை என்று அந்த நாடு எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது. மையத்தில் கேக் வெட்டினார்கள்.

மைத்துனன் வீட்டில் கேக் வெட்டவில்லை.

“மாமா, உலகம் சுத்தப் போறீங்கன்னு போட்டோ வந்துச்சு. நாலு மாசமா என் ஹாலைத்தான் சுத்திட்டு இருக்கீங்க.”

“அடுத்த வாரம் நேர்காணல் மாப்பிள்ளை. அதோட முடிஞ்சுது.”

“நான் ஒண்ணும் சொல்லல. அந்த நாலாவது பெட்டியை மட்டும் கொஞ்சம் நகர்த்தினா டிவில பாதியாவது தெரியும். நியூஸ் வாசிக்கிற பொண்ணோட நெத்தியை மட்டும்தான் பார்த்துட்டு இருக்கேன்.”

“அவனுக்கு என்ன தெரியும், விடுங்க” என்றாள் மனைவி, தம்பிக்குக் கேட்கும்படி. பிறகு அவன் எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தி, “ஸ்கூல் திறந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. அவ பழைய புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கா. என்னால அவ முகத்தைப் பார்க்க முடியல” என்றாள்.

மகள் நான்காவது பெட்டியின்மேல் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு அறிவியலை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

விசா அலுவலகத்தில் அதிகாரி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். மரியாதையான மனிதர். ஒவ்வொரு தாளையும் திருப்புவதற்கு முன் மன்னிக்கவும் என்றார்.

“நீங்க வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் ஆகுதே?”

“ஆமாங்க சார். விளம்பரம் போட்டப்ப பத்தொன்பது. போன மாசம் இருபது ஆயிடுச்சு.”

“ஒரு வருஷம் அதிகமா இருக்கு.”

“அதிகம்னா நல்லதுதானே சார்?”

“உங்களுக்கு நல்லது. எங்க நாட்டுல இருபது வருஷக்காரர் ஒருத்தர் இந்த விளம்பரத்தைப் பார்த்து, நமக்கு ஒரு வருஷம் கூடிப்போச்சேன்னு வருத்தத்தோட வீட்டுலயே இருந்திருந்தா? அவருக்கு நான் என்ன பதில் சொல்றது? மன்னிக்கவும், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க.”

ஃபோர்மேன் போட்டார்.

“வலது கையால போடறீங்க.”

“எழுதறது வலது சார். தட்டறதுதான் இடது. பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்க.”

“யார் அடிச்சாங்க? அவங்க கடிதம் ஏதாவது இருக்கா?”

இல்லை. அதிகாரி வருத்தத்துடன் அடுத்த தாளைத் திருப்பினார். மருத்துவச் சான்றிதழில், உடலில் காயங்கள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. ஆரோக்கியமானவர் என்று எழுதும் அவசரத்தில் டாக்டர் எல்லாக் கட்டத்திலும் இல்லை போட்டிருந்தார். ஃபோர்மேன் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார்.

“தெரியுது. ஆனா கண்ணால பார்க்கறதைப் பதிவு பண்ண எனக்கு அதிகாரம் இல்லை. சரி, இருக்குன்னே வெச்சுக்குவோம். இது அந்த அடுப்பு சுட்டதுதான்னு என்ன ஆதாரம்?”

“அடுப்பு உங்க நாட்டுலதான் சார் இருக்கு. கேட்டுப் பாருங்க” என்றார் ஃபோர்மேன். அவர் கோபப்பட்டது வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. விளம்பரத்தில் கோரப்பட்ட ஆள் தங்கள் நாட்டில் இல்லை என்பது ஏற்கப்படுவதாகவும், விண்ணப்பதாரரும் அந்த ஆள் இல்லை என்பது அதேபோல் ஏற்கப்படுவதாகவும் அதில் இருந்தது. அடியில் ஒரு குறிப்பு: ‘நீளம், பக்கம், பயன்பாட்டுக் காலம், மேற்பரப்பில் கீறல் ஆகியவற்றைக் குறிப்பிடும் மேற்படி விவரணை, நபர் ஒருவருடையதாகத் தோன்றவில்லை. இயந்திர பாகம் எனில், அது இவ்வலுவலகத்தின் வரம்புக்குள் வராது.’

தலைவி கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் முகம் மலர்ந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் முதல்முறையாக, கீழ்த்தளத்தில் கிடங்கை ஒட்டியிருந்த ஏற்றுமதி குமாஸ்தாவின் மேசைக்குப் போனார். ஃபோர்மேனும் பின்னால் போனார்.

“பாகத்துக்கு விசா வேணுமா?”

“எதுக்கு மேடம்? பட்டியல்ல விட்டுப்போன பாகம்னு ஒரு தாள் அடிச்சா ஒன்பது நாள்” என்ற குமாஸ்தா படிவத்தைத் தட்டச்சு மெஷினில் செருகினார். “எங்கே பாகம்?”

தலைவி கையைக் காட்டினார். குமாஸ்தா ஃபோர்மேனை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருடப் பழக்கம். ஆனால் அவர் முன்னால் இருந்தது படிவம்.

“எடை?”

“அறுபத்தி ரெண்டு.”

“புதுசா, உபயோகிச்சதா?”

“உபயோகிச்சதுதான்” என்றார் ஃபோர்மேன்.

“துரு பிடிக்குமா?”

“மழைக் காலத்துல முட்டி வலிக்கும்.”

“ஈரம் படாம வைக்கவும்னு போடறேன். கூட வேற என்ன வருது?”

“வொய்ஃபும் பொண்ணும்.”

குமாஸ்தா கொஞ்சம் யோசித்தார். பிறகு மனைவியை ‘பாகம் சேதமடையாமல் இருக்க உடன் வரும் பாதுகாப்புப் பொருள்’ என்றும், மகளை ‘எதிர்காலத் தேவைக்கான மாற்றுப் பாகம்’ என்றும் அடித்தார்.

அன்று மாலை அந்தத் தாளை மனைவியிடம் கொடுக்க ஃபோர்மேனுக்குக் கை வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஐந்தாவது பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அவளே எடுத்துப் படித்தாள்.

“பாதுகாப்புப் பொருளா?”

“வேற வழியில்லைன்னு சொன்னாங்க. உனக்குப் பிடிக்கலைன்னா...”

“பதினாலு வருஷமா அதைத்தானே பண்ணிட்டு இருக்கேன். இப்பதான் பேப்பர்ல வந்திருக்கு” என்றாள். பிறகு கீழே இருந்த வரியைப் படித்தாள். அந்த வரியிலேயே விரலை வைத்திருந்தாள். “அங்கே போனதும் ஸ்கூல்ல சேர்த்துடலாம் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் மூவரும் போனார்கள். ‘தலைப்பக்கம் மேலே’ என்ற சீட்டு மூவர் சட்டையிலும் ஒட்டப்பட்டிருந்தது. விமான நிலையத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மைத்துனன் ஹாலுக்குத் திரும்பி வந்து, நியூஸ் வாசிக்கிற பெண்ணின் முகத்தை முழுவதுமாகப் பார்த்தான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து ஃபோர்மேனிடமிருந்து குமாஸ்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்றும், அடுப்பு நன்றாக ஓடுகிறது என்றும், பள்ளிக்கூடத்தில் மாற்றுப் பாகங்களைச் சேர்க்க விதி இல்லாததால் மகளைக் கற்பித்தல் உபகரணமாகப் பதிவு செய்துகொண்டார்கள் என்றும், முதல் தேர்வில் அந்த உபகரணம் வகுப்பில் இரண்டாவதாக வந்தது என்றும் எழுதியிருந்தார். மேற்கொண்டு ஒரு பத்தி.

‘இங்கே ஒரு பராமரிப்புக் கையேடு இருக்கிறது. அதன்படி எந்தப் பாகத்தையும் தொடர்ந்து எட்டு மணிநேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டினால் வாரண்டி போய்விடும். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் நிறுத்திவைக்கவேண்டும். சத்தம் வந்தால் உடனே என்ன என்று பார்க்கவேண்டும். நேற்று எனக்கு இருமல். மூன்று இன்ஜினியர்கள் ஓடிவந்தார்கள். ஆளாக இருந்த இருபது வருஷத்தில் என்னை யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.’

குமாஸ்தா அந்தக் கடிதத்தை ஒருவரிடம்தான் காட்டினார். மறுநாள் காலை அவர் மேசை முன்னால் கிடங்கு வாசல் வரை வரிசை நின்றது. கணக்குப் பிரிவு, திட்டமிடல் பிரிவு, விளம்பரப் பிரிவு என்று எல்லோரும் வந்திருந்தார்கள். சிலர் எடை பார்த்துச் சீட்டுடன் வந்திருந்தார்கள். நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத மைத்துனன்கூட பின்னால் எங்கோ நின்றிருந்தான். ஒருவர் முகத்திலும் சங்கடம் இல்லை. பாகமாகப் போவதில் கௌரவக் குறைச்சல் ஏதும் உண்டா என்று ஒருவர்கூட கேட்கவில்லை. எந்த நாடு என்றுதான் கேட்டார்கள்.

வரிசையில் முதல் ஆளாக நகர்வு மையத் தலைவி இருந்தார். விடியும்போதே வந்துவிட்டாராம்.

குமாஸ்தா படிவத்தைச் செருகினார். எடை கேட்டார். உயரம் கேட்டார். ஈரம் படலாமா என்று கேட்டார். தலைவி எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தார்.

“எந்த மெஷினோட பாகம், மேடம்?”

“ஏதாவது ஒண்ணு போடுங்களேன்.”

“அப்படிப் போட முடியாது. அந்தப் பாகம் இல்லன்னா மெஷின் நிக்கணும். அதான் ரூல்” என்ற குமாஸ்தா, விரல்களை எழுத்துகளின்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “நீங்க இல்லன்னா எது நிக்கும்?”

தலைவி பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி பின்னால் ஒவ்வொருவராகக் கடந்து கிடங்கு வாசல் வரை போனது. வரிசை முழுவதும் யோசிக்க ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை. அலுவலகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.