சுப்பையன் விசாரித்த கணினி

மல்லசமுத்திரம் சுப்பையன் விசாரியாமல் எதையும் வாங்கமாட்டார். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்க எண்ணியபோது, அதே தொட்டியை வாங்கியிருந்த உறவினர் ஒருவரைத் தேடி வாழப்பாடிக்கே சென்று, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். கறவை மாடு பிடிக்கப் போனால் மாட்டுக்காரரிடம் பேசமாட்டார். மாட்டுக்காரரின் பக்கத்து வீட்டாரிடம்தான் பேசுவார். கூட்டுறவுச் சங்கச் செயலாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு, இந்தப் பழக்கத்துக்கு நேரமும் தாராளமாகக் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் அது புதுமையும் அன்று. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்குகிறவர் முதல் கோழிப்பண்ணை போடுகிறவர் வரை, முன்னால் வாங்கியவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது கணினி வாங்க வேண்டியதாயிற்று.

வீட்டில் பழைய கணினிகள் இரண்டு இருந்தன. மேசைக் கணினியை முடுக்கிவிட்டுக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தாலும் அது விழித்திராது. மடிக்கணினியோ மின்கம்பி சற்றே அசைந்தாலும் உயிரை விட்டுவிடும். ஆகவே செருகிக்குக் கீழே ஒரு தீப்பெட்டியை அணைகொடுத்து வைத்திருந்தார்கள்.

மகள் மதுமதி சென்னை நிறுவனம் ஒன்றில் கட்டட வரைபடங்கள் வரைபவள். அந்த நிறுவனம் சென்னை அலுவலகத்தை மூடிவிட்டது. ஒன்று, அவள் புனே அலுவலகத்துக்குப் போகவேண்டும். அல்லது, சொந்தக் கணினி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். கணினி ஆயத்தமா என்பதைத் திங்கட்கிழமை காலைக்குள் சொல்லியாகவேண்டும்.

"அப்பா, நானே போயி வாங்கியாரனுங்க" என்றாள் மதுமதி.

"நீ சும்மா இரு கண்ணு. விசாரிக்காம வாங்கி, அது பாதி வேலைல நின்னுபோச்சுன்னா உன்னையப் புனேக்கு அனுப்பிப்புடுவாங்க."

விடுதியிலும் வாடகை அறையிலும் இருந்துவிட்டு இப்போதுதான் பிள்ளை வீடு திரும்பியிருக்கிறாள். மாலையானால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. மேசைக் கணினியையே வாங்குவதென்று அவர் உள்ளூர முடிவு கட்டியிருந்தார். அது வைத்த இடத்தில் இருக்கும். மடிக்கணினியைப் பார்த்தாலே அவருக்குப் பயணப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. இந்தக் காரணத்தை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

முதலில் அவர் போனது திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டும் மைத்துனர் சென்னிமலையிடம்.

"மச்சான், ரேமு எட்டு ஜிபி போட்டாப் பத்துமுங்களா?" ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையைக் கணினி சுமக்கும் என்பதற்கான அளவே ரேம் என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார்.

சென்னிமலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டா? பதினாறாப் போட்ருங்க மாப்ள. பெரிய கம்ப்ரசர் வாங்கி நான் அழுததில்ல. சின்னது வாங்கித்தான் அழுதிருக்கறேன்."

அன்று சுப்பையனுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு என்று வாங்கித் தொலைத்திருந்தால் என்ன கதியாகியிருக்கும்! ஆனால் பதினாறும் சரிதானா? பார்த்தவரையெல்லாம் நிறுத்திப் பதினாறு போதுமா என்று கேட்டார். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரையும் விட்டுவைக்கவில்லை. இறுதியாக நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளின் கணினிகளைப் பழுது பார்க்கும் அறிவழகனிடம் போய் நின்றார்.

"பதினாறுங்களா?" அறிவழகன் முகம் சுளித்தான். "இப்ப அல்லாரும் முப்பத்திரண்டில்லீங்க கேக்கறாங்க!"

"எப்ப இருந்து?"

"இந்த வாரமாத்தானுங்க."

"ஏனாமா?"

"தெரியிலீங்க. ஆரோ நல்லா விசாரிச்சவங்க சொன்னாங்களாமா. எதுக்கும் கிராபிக்ஸ் கார்டும் பெருசாப் போட்ருங்க."

பெரிய கார்டு போட்டால் மின்சாரம் கூடுதலாக வேண்டும் என்றார்கள். மின்சாரம் கூடினால், கரண்டு போகிற வேளையில் தாங்கப் பெரிய யூபிஎஸ் வேண்டும் என்றார்கள். கணினி எப்போது வந்தாலும் வரட்டும், யூபிஎஸ்ஸாவது வீட்டில் இருக்கட்டும் என்று சுப்பையன் அதை முன்கூட்டியே வாங்கி வந்துவிட்டார். இருவர் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். மின்பணியாளர் காத்தான் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இந்த வயரு தாங்காதுங்க. செவுத்தக் கொத்திப் புதுசா இழுக்கோணும்."

"கொத்துங்க" என்றார் சுப்பையன்.

சுவரைக் கொத்தியதில், உள்ளே எவருக்கும் தெரியாமல் போயிருந்த தண்ணீர்க் குழாய் உடைந்தது. அறைக்குள் தண்ணீர் பீறிட்டது. காத்தான் ஓடிப்போய் அந்த அறைக்கான மின்சாரத்தைத் துண்டித்தார். ஈரம் காயும்வரை தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். தீப்பெட்டி கொடுத்து வாழ்ந்த பழைய மடிக்கணினி, தரையில் இருந்த பாவத்துக்கு நனைந்தே போயிற்று. மேசைக் கணினி இருந்த அறையிலோ மின்சாரம் இல்லை. புதியதுதான் இல்லையென்றால், இப்போது பழையதும் இல்லை.

மதுமதி அடுக்களையில், மிக்சிக்குப் பக்கத்தில் நின்றபடி, கைப்பேசியில் அலுவலகத்தாரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மனைவி சௌந்திரம் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, என்னையக் கட்டும்போதுகூட இத்தன விசாரிக்கிலீங்களே!"

"அப்ப எங்கப்பன் விசாரிச்சாரு."

"என்னானு?"

"அதையத்தான் கடைசிவரைக்கும் சொல்லுலியே அவரு" என்றார் சுப்பையன் பரிதாபமாக.

மதுமதி கைப்பேசியை வைத்துவிட்டு வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அச்சுறுத்தியது.

"அப்பா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. புனேக்கு டிக்கெட் பாக்கட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி! காத்தால மொத வேலையாக் கடைக்குப் போயர்லாம். நீயும் வா."

இத்தனை நாளும் அவர் கால் வைக்காத ஒரே இடம் கடைதான். விற்கிறவரிடம் விசாரிப்பது அவர் வழக்கம் அன்று.

திருச்செங்கோட்டுக் கணினிக் கடையில் நல்ல கூட்டம். ஆனால் எவரும் எதையும் வாங்கியதாகத் தெரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தபடி நின்றார்கள். சுப்பையன் விற்பனைப் பெண் தீபிகாவிடம் சென்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, முப்பத்திரண்டு ஜிபி வாங்குனா ஏமாந்துற மாட்டமே?"

"முப்பத்திரண்டுங்களா?" தீபிகா பெருமூச்செறிந்தாள். "காத்தால இருந்து அல்லாரும் அறுபத்திநாலு இருக்குதான்னு கேக்கறாங்க. நாலு நாளைக்கு முன்னால எட்டே தாராளமுன்னு வாங்கிட்டுப் போன சனமுங்க இது."

சுப்பையன் மகளின் தோளைப் பற்றிக்கொண்டார்.

"ஏனாமா? எட்டுல என்ன கொறையாமா?"

"ஒரு கொறையும் இல்லீங்க. மல்லசமுத்தரத்துல ஒரு பெரியவரு இருக்கறாராமா. தீர விசாரிக்காம உப்புக்கூட வாங்கமாட்டாராமா. அவரு எட்டு பத்துமான்னு கேட்டாராமா. அவருக்கே சந்தேகமுன்னா அது பத்தாதுன்னு சனமெல்லாம் பதினாறுக்குப் போயிருச்சு. அப்பறம் பதினாறு பத்துமான்னு கேட்டாராமா. அல்லாரும் முப்பத்திரண்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கும் அவரு சந்தேகப்பட்டா என்ன பண்றதுன்னுதான் இப்ப அறுபத்திநாலு கேக்கறாங்க. இந்தா நிக்கறாங்களே, அத்தன பேரும் அவரு என்ன வாங்கறாருன்னு பாத்துட்டு வாங்கலாமுன்னு நிக்கறாங்க."

மதுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் தோள்கள் குலுங்கின.

சுப்பையன் மகளைப் பார்த்தார்.

"கண்ணு, உனக்கு எது வேணும்?"

அதுவரை அவர் எவரெவரிடமோ கேட்டிருந்தாரே தவிர, அவளிடம் கேட்கவில்லை.

"இந்த மடிக்கணினிதானுங்கப்பா. பதினாறு. கரண்டு போனாலும் வேலை நிக்காது." அவள் சற்றுத் தயங்கினாள். "நான் ஊட்லயேதான் இருப்பேனுங்க."

சுப்பையன் தலையை அசைத்தார். பின்பு தீபிகாவின் பக்கம் குனிந்து, மற்றவர் காதில் விழாதவாறு மெல்லச் சொன்னார்:

"அதையே குடும்மா. அந்தப் பெரியவரப் பத்தி ஆராச்சும் கேட்டா, அவரு விசாரிக்காமயே வாங்கிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிரு."