ஏழாம் நம்பருக்கு மூன்று ஷிப்ட்

திருப்பூரில் மீனுக்கு அட்டென்டன்ஸ் வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் மீன் மாஸ்டர்தான். இந்தியாவிலேயே என்றும் சொல்லலாம். உலகத்திலேயே என்று சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் வரமாட்டார்கள்.

அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறை. நான் அட்டென்டன்ஸ் எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க், அவர் டையிங் மாஸ்டர். துணியை விரலால் தடவியே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் கண்ணெல்லாம் பின்பக்கத்துத் திறந்த தொட்டி மேல்தான். துணி அலசிய சாயத்தண்ணீரைச் சுத்திகரித்து அதில்தான் தேக்குவோம். அங்கிருந்து மறுபடி துணிக்கே போகும். லேப்காரர் மீட்டரை விட்டுப் பார்த்து, "தண்ணி சுத்தம்" என்று கையெழுத்துப் போடுவார். மாஸ்டர் நம்பமாட்டார்.

"ஏனுங்க, மீட்டருக்கு மூச்சு முட்டுமாங்க?"

மறுநாள் அணை மீன் கிடைக்கும் அமராவதி நகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜன்னலோர சீட்டில் ஒரு வாளி உட்கார்ந்து வந்ததாம். மாஸ்டர் நின்றுகொண்டே வந்தாராம். வாளிக்குள் விரல் நீளத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை. தொட்டியில் விட்டார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது மல்லாந்துவிட்டது.

அதோடு விடுவாரா? இரண்டாம் நம்பர் வந்தது, மூன்றாம் நம்பர் வந்தது. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான்; கும்பலாகச் சாகடிக்க அவருக்கு மனசு வராது. ஒரு மீன் செத்தால் ஒரு வாரத்துக்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. வடிகட்டியைக் கழற்றச் சொல்வார், மாற்றச் சொல்வார், மறுபடி கழற்றச் சொல்வார். போதாததற்கு மௌன அஞ்சலி வேறு. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாஸ்டரே, உள்ள துணி வெந்துட்டு இருக்குது! எழவூட்டாட்டம் நிக்கறீங்க?"

"ரெண்டே நிமிசமுங்க."

ஒருநாள் மட்டும் அவர் சிரிக்காமல் பேசினார். "வாலிபத்துல சாயத்தண்ணிய அப்படியே ஆத்துல விட்டவன் நானுங்க, கண்ணு. நான் செவப்புப் போட்டா நொய்யலும் செவப்பு. அதப் பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

ஆறாம் நம்பரும் போன அன்று முதலாளி பொறுமையிழந்தார். "துணி வாங்கற கம்பெனிக்காரங்க இன்ஸ்பெக்சனுக்கு வராங்க. அன்னைக்கு உங்க மீனு உசுரோட இருந்தா தொட்டி இருக்கும். இல்லீன்னா மண்ணப் போட்டு மூடி குடோன் கட்டிப்போடுவேன். தண்ணிக்கு இரும்பு டேங்க் போதும்."

ஏழாம் நம்பர் வந்தது. ஒரு நாள் இருந்தது, ஒரு வாரம் இருந்தது, ஒரு மாதம் இருந்தது! பொரி போட்டால் மேலே வந்து வாயைத் திறந்தது. மாஸ்டர் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மிடுக்கோடு என் மேசைக்கு வந்தார்.

"ரிஜிஸ்டர்ல பேர ஏத்துங்க. நெசமாலுமே தண்ணிய டெஸ்ட் பண்றது அதுதானுங்க."

"எந்த ஷிப்டுங்க?"

"ராத்திரி ஊட்டுக்கா போயிருது? மூணு ஷிப்டும் போடுங்க."

விளையாட்டாக எழுதினேன். பெயர்: ஏழாம் நம்பர். வயது: மூன்று மாதம். எழுதியதை மறந்தும் போனேன்.

இன்ஸ்பெக்சனுக்கு பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே வந்த அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

"மூணு மாசக் குழந்தையை மூணு ஷிப்ட் வேலை வாங்கறீங்களா?"

முதலாளியின் முகம் சலவை செய்த பனியன் நிறத்துக்கு வந்தது. நான் மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். மாஸ்டர் மட்டும் பல்லெல்லாம் தெரிய, "ஆளு பின்னாடி இருக்குதுங்க, வாங்க" என்று பொரிப் பொட்டலத்தோடு கிளம்பினார்.

தொட்டியோரம் எல்லாரும் நின்றோம். மாஸ்டர் பொரியைத் தூவினார். ஏழாம் நம்பர் ஜோராக மேலே வந்தது. அந்த அம்மா குனிந்தார். அந்த நேரம் பார்த்து தொட்டிக்கு மேலே ஓடும் பைப்பிலிருந்து நீலமாக ஏதோ விழுந்தது, தண்ணீர் தெறித்தது. நிமிர்ந்து பார்த்தால், பைப் மேல் ஒரு மீன்கொத்தி. அதன் வாயில் எங்கள் ஊழியர்.

"போச்சு!" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

மாஸ்டர் குதித்தார். அறுபது வயசு ஆள், தொட்டியைச் சுற்றி ஓடினார். "பட்சி வந்துருச்சுங்க மொதலாளி! நம்ம தண்ணிய நம்பி ஒரு பட்சி வந்துருச்சு! மீனு தண்ணியாலயா செத்துச்சுங்க? திங்கறதுக்கு ஆளு வந்துருச்சுங்க!"

சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பெங்களூர் அம்மா பேனாவை மூடிவிட்டு, "அது திரும்ப வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

முதலாளி தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "இன்னொரு வாளி மீனு கொண்டாங்க மாஸ்டரே. குடோன வேற பக்கம் பாத்துக்கறேன்" என்றார். நாலடி போனவர் திரும்பி, "அந்தப் பட்சிக்கும் அட்டென்டன்ஸ் போடோணுமுன்னு வந்துராதீங்க" என்றார்.

மாஸ்டர் இப்போது ஓய்வு பெற்றுக் கணியூரில் இருக்கிறார். தினமும் காலை ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்துக்குப் போன் வரும். நான் சௌக்கியமா என்றெல்லாம் கேட்கமாட்டார். "பட்சி வந்துச்சுங்களா?" அவ்வளவுதான். பார்க்காமலே வந்தது என்று சொல்லிவிடலாம். மீட்டரையே நம்பாத மனுசனிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இப்போதெல்லாம் என் அட்டென்டன்ஸைப் போடுவதற்கு முன்னால் தொட்டிக்குத்தான் போகிறேன்.