கணவர் பின்னால் வருகிறார்

"உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க. நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெளிநாட்டு விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற கூண்டுக்கு முன்னால் நின்று எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அக்கா வீட்டுக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தார். மாமா ஒரே ஒரு தடவை வெளிநாடு போனவர். அதுவும் கம்பெனி செலவில், கொடி பிடித்த ஆளுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக. அன்றிலிருந்து வீட்டில் யாராவது விமானம் என்று சொன்னாலே தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்.

அவர் போட்ட இன்னொரு கட்டளைதான் அவளை இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"தனியா வந்திருக்கேன்னு உளறிடாதே. தனியா வர்ற பொண்ணுன்னா ஆயிரம் கேள்வி கேப்பானுங்க. வீட்டுக்காரர் பின்னாடி வர்றாருன்னு சொல்லு. மறுபேச்சு பேசாம முத்திரை குத்திடுவான்."

அவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் 'வக்கீல்' என்று பட்டப்பெயர். அப்பேர்ப்பட்ட வக்கீல், கூண்டுக்குள் இருந்த இளைஞன் "தனியாவா வந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டதும், "இல்லை, கணவர் பின்னால் வருகிறார்" என்று ஒப்பித்துவிட்டாள். பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் அவள் காதில் எல்லாம் தமிழிலேயே விழுந்தது. வெட்கம் எப்போதும் தாய்மொழியில்தான் வருகிறது.

"அப்போ சேர்ந்தே வாங்க. ஒரு குடும்பத்தை ஒண்ணாத்தான் உள்ளே விடுவோம். அந்த மஞ்சள் கோட்டுக்கிட்ட நில்லுங்க" என்றான் இளைஞன்.

நின்றாள். விமானத்தில் வந்த அத்தனை பேரும் அவளைத் தாண்டிப் போனார்கள். கைக்குழந்தை போனது. சக்கர நாற்காலி போனது. வரிசை காலியானது.

"எங்கே அவர்?"

"கழிப்பறையில இருக்கார்."

இளைஞன் துப்புரவு ஊழியர் ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னான். திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "தங்கச்சி, கடைசிக் கதவு மட்டும் சாத்தியிருக்கு. தட்டினேன். வயிறு சரியில்லை, இப்போதைக்கு வரமுடியாதுன்னு குரல் வருது."

"அது அவர் இல்லைங்க" என்றாள் அவசரமாக.

"எப்படிம்மா சொல்றீங்க?"

"அவருக்கு வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

ஊழியர் அதை இளைஞனுக்கு மொழிபெயர்த்தார். அவன் பாஸ்போர்ட்டை மூடி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு நியாயம் தன் பக்கம் இருக்க வேண்டும் என்கிற அவசியமில்லை. மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லிவிட்டாள்.

திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கிளம்பும்போது அப்பா ஒப்பந்தம் போட்டிருந்தார். "ஒரு வம்பும் இல்லாம போயிட்டு வந்துட்டேன்னா, உன்னைப் பார்த்துட்டுப் போன அந்த மாப்பிள்ளை விஷயத்துல நீ சொல்றதுதான் முடிவு. எங்கேயாவது மாட்டிக்கிட்டே, வாயை மூடிக்கிட்டு கழுத்தை நீட்டணும்." மாமா அதற்குச் சாட்சி. சாட்சி மட்டுமல்ல, "டிக்கெட்டை என்கிட்ட விட்டுடு, நான் பார்த்துப் போடறேன்" என்று அதையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மேலதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, முகத்தில் அவ்வளவு கனிவு. சிடுசிடுப்பாக இருந்திருந்தால் சமாளித்திருப்பாள். அதிகாரியம்மா அவளைக் கூடத்தின் ஓரத்தில் இருந்த கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய், காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"பாஸ்போர்ட்ல கணவர் பெயர் இல்லையேம்மா?"

"கல்யாணம் புதுசுங்க."

"எவ்வளவு புதுசு?"

"போன வாரம்."

அதிகாரியம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்போ தேனிலவு!"

"ஆமாங்க" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காவலருக்கும் அந்தச் செய்தி போயிற்று. அவர் தொப்பியைத் தொட்டு வாழ்த்தினார். அவள் தேநீரைப் பார்த்துக்கொண்டாள்.

"அவர் பெயரைச் சொல்லுங்க, பயணிகள் பட்டியல்ல பார்த்துடலாம்."

போயிற்று. பெண் பார்க்க வந்தவர் பெயரைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. அதைக் கணினியில் தட்டினால் அப்படியொரு ஆள் விமானத்திலேயே இல்லை என்று தெரிந்துவிடும்.

"எங்க வீட்டில கணவர் பெயரைச் சொல்ல மாட்டோம்ங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே உடம்பு கூசியது. அப்பாவை 'இந்தாங்க' என்று கூப்பிடுகிற அம்மாவிடம், "அந்த மனுஷனுக்குப் பேரு வெச்சது எதுக்கும்மா, ரேஷன் கார்டுக்கா?" என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சண்டை போட்டவள் அவள்.

அதிகாரியம்மா கதவைச் சாத்தினார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாம சொல்லுங்க. அவர் உங்களை மிரட்டுவாரா?"

"அய்யய்யோ, இல்லைங்க! ரொம்ப சாது."

"கை நீட்டுவாரா?"

"சத்தியமா இல்லைங்க. தட்டு வெச்சா தொடை அழுக்காகுமேன்னு கைக்குட்டை விரிச்சு அதுமேல வெச்சுக்கிற ஆளுங்க." பெண் பார்க்க வந்த அன்று அவரிடம் அவள் கவனித்தது அது ஒன்றுதான். இப்போது அதை வைத்து ஒரு முழுக் கணவனை நிற்க வைக்க வேண்டியிருந்தது.

"போட்டோ இருக்கா?"

இருந்தது. 'போற இடத்துல நிதானமாப் பார்த்து யோசிடி' என்று அக்கா கைப்பேசியில் திணித்து அனுப்பியது. கண்ணாடி, கட்டம் போட்ட சட்டை, ஸ்டூடியோ சிரிப்பு. அதிகாரியம்மா அடுத்த படத்துக்குத் தள்ளிப் பார்த்தார். அடுத்தது ஒரு ரத்த மாதிரிக் குப்பியின் படம். தேனிலவுக்கு வந்த ஜோடிக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ, அதிலும் பெண் இல்லை.

படம் எல்லா ஊழியர்களின் கைப்பேசிக்கும் போயிற்று.

"அவர் குரல் எப்படி இருக்கும்? கழிப்பறையில இருக்கிற ஆளோட குரலை எங்க ஊழியர் கேட்டிருக்கார். ஒத்துப் பார்க்கலாம்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். 'அவனுக்குக் காபி வேண்டாம்.' அவர் அம்மாவின் குரல். 'அவனுக்குப் பொண்ணு வேலைக்குப் போறதுல ஆட்சேபணை இல்லை, கொஞ்ச நாளைக்கு.' அதுவும் அம்மாதான். 'அவனுக்குத் தனியா ஊர் சுத்துறதெல்லாம் பிடிக்காது.'

"கேட்டதில்லைங்க" என்றாள்.

அதிகாரியம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை. அதற்குத்தான் அதிகாரியம்மா கண் கலங்கினார்.

கைப்பேசி அடித்தது. மாமா.

"என்ன வக்கீல், இன்னும் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டா இருக்கே? எழுந்து சிரிச்சுப் பேசி வெளியே போற வழியப் பாரு. உனக்காக ஒருத்தர் எவ்வளவு நேரம்தான்..."

"ஒருத்தரா? யாரு மாமா?"

"அது... நான்தான். நான்தான் இங்க சாப்பிடாம உக்காந்திருக்கேன். வை, வை."

அவள் பல்லைக் கடித்தாள். யோசனை சொன்னதும் இவர், சாப்பிடாமல் கிடப்பதும் இவராம்.

அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. கண்ணாடியும் கட்டம் போட்ட சட்டையும் அணிந்த புது மாப்பிள்ளையின் கவனத்துக்கு. உங்கள் மனைவி கண்ணாடி அறையில் காத்திருக்கிறார். மூன்று மொழிகளில் சொன்னார்கள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். மீன் தொட்டியில் ஒற்றை மீனாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

சற்று நேரத்தில் காவலர் வெற்றிச் சிரிப்போடு ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணாடி இருந்தது. கட்டம் போட்ட சட்டையும் இருந்தது. வயது எழுபதைத் தொட்டிருக்கும்.

"இவர்தானே?"

அவள் வாய் திறப்பதற்குள் பின்னாலேயே இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டியம்மா உள்ளே நுழைந்தார். மொழி அவளுக்குப் புரியவில்லை. விஷயம் புரிந்தது. பாட்டியம்மா அவளைச் சுட்டினார், கிழவரைச் சுட்டினார், பிறகு கைப்பையைக் கழற்றி ஓங்கினார். முதல் அடி கிழவரின் தோளில் விழுந்தது. கிழவர் கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தார்.

"நிறுத்துங்க!" அவள் எழுந்துவிட்டாள். "அவரை விடுங்க. எனக்குக் கணவரே இல்லை. கல்யாணமே ஆகலை. நான் தனியாத்தான் வந்தேன். அது வெறும் பொண்ணு பார்க்க வந்த ஆளோட போட்டோ. எல்லாம் பொய்!"

பாட்டியம்மாவுக்கு யாரோ எடுத்துச் சொல்ல, அவர் கிழவரின் சட்டையை நீவிவிட்டு, ஆனாலும் நம்பாமல், கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரியம்மா கதவை மறுபடி சாத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"தினமும் இந்த வாசல்ல வர்றவங்கள்ல பாதிப் பேர் தனியாத்தான் வர்றாங்க. நானே லீவு கிடைச்சா தனியாத்தான் கிளம்புவேன். 'தனியா'ன்னு சொல்லியிருந்தா, எத்தனை நாள் இருப்பீங்கன்னு மட்டும் கேட்டுட்டு விட்டிருப்பான் அந்தப் பையன்."

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. காரணம் பிடிபட்டபோது இன்னும் சுட்டது. சொந்தக் காசு, சொந்த வேலை, சொந்த வாய் எல்லாம் இருந்தும், ஒரு கதவு திறக்க ஒரு ஆணின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் அவளும் நம்பியிருக்கிறாள். மாமா சொன்னது வெறும் சாக்கு.

"சரி, இங்கே என்ன பார்க்க வந்தீங்க? உண்மையைச் சொல்லணும்."

"திமிங்கலம்" என்றாள். "மியூசியத்தில எலும்புக்கூடு தொங்குமே, அது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில படம் போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழே நின்னு அண்ணாந்து பார்க்கணும்."

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். முத்திரையை அவரே குத்தினார். "இன்னொரு தடவை பொய் சொன்னா அடுத்த விமானத்திலேயே ஏத்திடுவேன். ஓடுங்க, மியூசியம் இன்னும் திறந்திருக்கும்."

பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடக்கும்போதே அக்காவுக்குச் செய்தி அடித்தாள். 'மாட்டிக்கிட்டேன். அப்பாகிட்ட ஒப்பந்தத்துல தோத்துட்டேன்னு சொல்லு. ஆனாலும் அந்த இடம் வேண்டாம். யார் என்ன சொன்னாலும் வேண்டாம்.' கொஞ்ச நேரம் கணவர் என்று சொல்லி வைத்ததற்கே அந்த ஆளால் இவ்வளவு வேலை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டாள்.

தானியங்கிக் கதவு திறந்தது. வெளிக்காற்று முகத்தில் பட்டது.

"தங்கச்சி! நில்லுங்க தங்கச்சி!"

துப்புரவு ஊழியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "உங்க வீட்டுக்காரர் கிடைச்சுட்டார்! கடைசிக் கதவை வெளியிலேர்ந்தே திறந்துட்டோம். போட்டோவில இருக்கிற அதே ஆளு!"

பாவம், தேடலை நிறுத்தச் சொல்லி இவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் திரும்பினாள். அங்கே, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். கண்ணாடி. கட்டம் போட்ட சட்டை. கையில் கைக்குட்டை. வாய் அசைந்தது. தடுப்பைத் தாண்டிக் குரல் வரவில்லை.

"என்ன சொல்றார் அவர்?" என்று கேட்டாள்.

ஊழியர் தலையைச் சொறிந்தார். "நீங்க பத்திரமா வெளியே போறதை ஒளிஞ்சிருந்து பார்த்த பிறகுதான் அவர் வெளியே வரணும்னு உங்க மாமா முந்தின விமானத்துல டிக்கெட் போட்டு அனுப்பியிருக்காராம். 'காலையிலேர்ந்து எட்டிப் பார்க்கறதும் அவருக்குப் போன் பண்றதுமா உள்ளேயே கிடக்கேன், கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுங்க'ங்கிறார்."

அவள் போனாள்.