என் கணவர் போட்ட மேலதிகாரி

என் கணவருக்குக் காசநோய் முழுசாகக் குணமாகிவிட்டது. டாக்டர் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"இருமல் போச்சு. காய்ச்சல் போச்சு. உடம்பும் ஏறியாச்சு. இனி எதுக்குடி மாத்திரை?"

"ஆறு மாசம்னாங்க. பாதிகூட ஆகல."

"அது நோஞ்சானுக்குச் சொன்னது."

அவர் குணமானது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மாத்திரை முடிகிறவரை மதுவைத் தொடக்கூடாது, ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமைக்கும் குணமானதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்டென்று தெரிந்துவிடும்.

அவர் பெயர் சின்னப்பன். எங்கள் தீவில், ஜங்கிளிகாட் படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்க்கிறவர். எஞ்சினை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, 'சத்தம் நின்னுடுச்சு, எடுத்துட்டுப் போ' என்று எந்தப் படகுக்காரனிடமும் சொல்லமாட்டார். தன் நுரையீரலிடம் மட்டும் சொல்வார்.

நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா என்று கூட இருந்து பார்க்க ஒருவரை நியமிப்பது அரசாங்க ஏற்பாடு. எங்கள் வீட்டில் அது நான். தினமும் என் கண்முன் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுக்கும்வரை. பை மட்டும் செங்கல் நிறத்தில் ஊறியிருந்தது. உள்ளே, கரைந்தும் கரையாமலும், மாத்திரைகள்.

"என்ன இது?"

"மிட்டாய்."

"பாதியில விட்டா கிருமி கெட்டிப்பட்டுடும், அப்புறம் இந்த மருந்துக்கே அடங்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, காதுல விழுந்துச்சா?"

"கோஸ்ட் கார்டு கப்பல் மாதிரி நீ காவல் நின்னா எவனுக்கு உள்ள இறங்கும்? ஆளை மாத்தப் போறேன். ராஜமாணிக்கம் அண்ணன் பாத்துக்குவாரு."

ராஜமாணிக்கம் அண்ணன் பக்கத்து வீடு. ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். இவருக்கு அவரைச் சீட்டாடுகிற இடத்தில்தான் தெரியும். அங்கே அவர் எந்தச் சீட்டு இறங்கியது என்பதை மறந்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். எனக்கு அவரைத் தெருக்குழாயடியில் தெரியும். தண்ணீர் விடுகிற நாளில் யாரும் கூப்பிடாமலே வந்து நின்று, வாளிகளை வரிசைப்படுத்தி, இடையில் நுழைத்தவள் வாளியைக் கடைசிக்குத் தள்ளுவார். நாற்காலி போனபிறகு அதட்ட ஓர் ஆள் கிடைக்காமல் காய்ந்துகிடக்கிற மனிதர்.

நான் உடனே அழுதேன். கான்வென்ட் நாடகத்தில் சிலுவையடியில் அழும் மாதா வேஷம் வருஷா வருஷம் எனக்குத்தான்.

"அவர் மட்டும் வேண்டாங்க! காலையில சாப்பிட்டமான்னே அவருக்கு ஞாபகம் இருக்காது. உங்க உசுரைக் கொண்டுபோய் அவர் கையில குடுக்காதீங்க!"

இவர் முகம் மலர்ந்தது. மறுநாளே சுகாதார ஊழியரிடம் சொல்லி என்னை நீக்கி, அவரை நியமித்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் வாசலில் ராஜமாணிக்கம் அண்ணன். இஸ்திரி போட்ட பேண்ட். பையில் பேனா. கையில் டார்ச். உத்தியோகத் தோரணை வந்துவிட்டால் அவருக்கு ஹிந்தி தானாக வரும்.

"முஹ் கோலோ!"

"அண்ணே, நாந்தாண்ணே, சின்னப்பன்."

"தெரியுது. வாயைத் திற. நாக்கைத் தூக்கு. கன்னத்து ஓரத்தைக் காட்டு. ம். இப்ப சட்டைப் பையைக் காட்டு."

சட்டைப் பை விஷயத்தை அவருக்கு யார் சொன்னார்களோ, பாவம்.

அதோடு விடவில்லை. இந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதில் பயமில்லை என்று சுகாதார ஊழியர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அது போதும். மதியம் இவர் சாப்பாட்டுக்கு வந்ததும் மதில்மேல் தலை தெரியும்.

"சின்னப்பன்! ஆஜ் ரங் க்யா ஹை?"

இன்றைக்கு நிறம் என்ன என்று தமிழில் கேட்டிருந்தால் இரண்டு வீட்டோடு போயிருக்கும். ஹிந்தியில் கேட்டதால் வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று தெரு முழுக்கப் புரிந்துவிட்டது. எதிர்வீட்டு வங்காளி அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கடைசி வீட்டுத் தெலுங்குக்காரர் இப்போது இவரைப் பார்த்தால் குட் மார்னிங் சொல்வதில்லை. "ஆரஞ்சு?" என்கிறார்.

சனிக்கிழமை வந்தது. சீட்டாட்டத்துக்கு இவர் மடியில் ஒரு பாட்டிலோடு போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"என்னங்க, ஆட்டம் இல்லையா?"

"அண்ணன் பாட்டிலை வாஷ்பேசின்ல கொட்டிட்டாரு. என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாரு."

"எதுலருந்து?"

"சீட்டாட்டத்துலருந்து."

ஒரு வாரம் தாங்கினார். பிறகு அடுக்களைக்கு வந்து, நான் மீன் அலசும் இடத்தில் பணிவாக நின்றார். அவர் அடுக்களைக்கு வருவதே அபூர்வம்.

"செலின், நீயே பாத்துக்கோயேன். உன் முன்னாடி ஒழுங்கா முழுங்கறேன். மாதா மேல சத்தியம்."

"நீங்க ஆசைப்பட்டுப் போட்ட ஆளு. நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனார். நான் குழம்பைக் கூட்டி இறக்கிய பிறகுதான் வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"மருந்து முடியறவரைக்கும் மாத்த முடியாதாம்."

"சரி விடுங்க. அதுக்கப்புறம் விடுதலைதானே?"

"முடிஞ்ச பிறகும் ரெண்டு வருஷம் கண்காணிப்பு உண்டாம்டி. அதுக்கும் இப்பவே தன் பேரைக் குடுத்துட்டு வந்துட்டாராம்."